பெரிய வெள்ளியும் நாற்பத்தொரு மீன்குஞ்சும்

பவுல்சாமி பெண்டாட்டியோடு பேச்சை நிறுத்தி ஒரு வருஷம் ஆகப்போகிறது. சண்டை கிண்டை ஒன்றும் இல்லை. காலேஜில் விலங்கியல் லேப் அசிஸ்டென்ட். அங்கே பையன்கள் தவளையை எந்த இடத்தில் கீறுவது என்று கேட்டால் நின்று சொல்லிக்கொடுப்பார். மந்தைவெளி மார்க்கெட்டில் கத்தரிக்காய் விலை கேட்பார். சாந்தோம் வீட்டுக்குள் கால் வைத்ததும் 'ம்', 'வேணாம்', இந்த இரண்டோடு சரி. மர்சலினும் தலைகீழாக நின்று பார்த்துவிட்டாள். அழுது பார்த்தாள், கத்திப் பார்த்தாள், ஒருநாள் வேண்டுமென்றே குழம்பில் உப்பே போடாமல் வைத்தும் பார்த்தாள். மனுஷன் அதையும் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போனார்.

காரணம் ஊருக்கே தெரியும். ஒரே பிள்ளை பிலிப், பத்தொன்பது வயசு. போன வருஷம் பெரிய வெள்ளிக்கிழமையன்று கடலில் இறங்கினான். மறுநாள் காலையில் பட்டினப்பாக்கம் பக்கம் ஒதுங்கினான்.

பெரிய வெள்ளி என்றால் இந்தத் தெருவில் சும்மா இல்லை. ஏசுவைச் சிலுவையில் அறைந்த நாள். வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது, முதல் நாள் காய்ச்சிய கஞ்சிதான். பெருக்கக்கூடாது, தலை வாரக்கூடாது, ஆணி அடிக்கவே கூடாது. ரேடியோவுக்குத் துணி போட்டு மூடிவிடுவார்கள். கோயில் மணிகூட அன்றைக்கு அடிக்காது. மரக்கட்டையைத் தட்டித்தான் சனங்களைக் கூப்பிடுவார்கள். கோயிலுக்குப் பின்னால் குப்பத்தில் ஒரு கட்டுமரம்கூடக் கடலில் இறங்காது. அப்படிப்பட்ட நாளில், தாய் கோயிலில் முழங்காலில் கிடக்கும்போது, பிள்ளை கடலுக்குக் குளிக்கப் போனான் என்றால் அவள் என்ன நினைப்பாள்? நாளை மீறினான், நாள் அவனைக் கொண்டுபோய்விட்டது. அப்படித்தான் நினைத்தாள். துக்கம் கேட்க வந்தவர்களிடம் சொன்னாள், போட்டோவைப் பார்த்துச் சொன்னாள். "சொன்ன பேச்சு கேக்காத புள்ள. அன்னைக்கு ஒரு நாளு அடங்கி இருந்தியாடா நீ?" மாதாமாதம் முதல் வெள்ளிக்கு ஒரு பூசை வைத்தாள். கீழ்ப்படியாமல் செத்த பிலிப்பின் ஆத்துமா பாவமன்னிப்புப் பெறுவதற்காக என்று கோயிலில் வாசிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தாள். பவுல்சாமி இதையெல்லாம் மீன்தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

அந்த மீன்கள் பிலிப்புடையவை. அவனும் விலங்கியல்தான் படித்தான். மண்டபத்துக்கு எக்ஸ்கர்ஷன் போனபோது பாலிதீன் பையில் காற்றை ஊதிக் கட்டி, ராத்திரி ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த ஜோடி. கோமாளி மீன் என்று பேர். கறுத்த உடம்பில் இரண்டு வெள்ளைப் பட்டை, மஞ்சள் வால். பெரியது பெண், சின்னது ஆண். அப்பனும் பிள்ளையும் சேர்ந்து ஹாலில் மூன்றடிக் கண்ணாடித் தொட்டியை வைத்தார்கள். குப்பத்து யாகப்பன் அலை தாண்டிப் போய், கலங்காத கடல் தண்ணீரைச் சனிக்கிழமைதோறும் கேனில் பிடித்து வந்து ஊற்றுவார். பிலிப் போன பிறகும் அது நிற்கவில்லை. மர்சலினுக்கு அதைப் பார்த்தாலே வயிறு எரியும். பிள்ளையைத் தின்ற கடலைக் கண்ணாடிப் பெட்டியில் அடைத்து ஹாலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, இது என்ன மனுஷ ஜென்மம்!

"இன்னாம்மா, சார் இப்பவும் பேச்சு மூச்சு இல்லாமதான் கீறாரா?" என்று யாகப்பன் கேனை இறக்கும்போது கேட்பார்.

"மீனுக்குத் தண்ணி ஊத்துறீங்களே, அந்த மீனையே கேளுங்க. அதுங்களோடதான் குடித்தனம்" என்பாள் மர்சலின்.

இந்த வருஷம் மார்ச்சில், எலெக்ஷன் ரிசல்ட் வந்து தெருவெல்லாம் அதே பேச்சாக இருந்த வாரத்தில், அந்த மீன்கள் முட்டை போட்டன. உடைந்த பூந்தொட்டி ஓட்டில் ஆரஞ்சு நிறத்தில், அரிசியை நட்டு வைத்த மாதிரி, நெருக்கமாக ஒட்டிக்கொண்டிருந்தன. முன்பும் இரண்டு தடவை போட்டிருந்தன. பொரிந்த குஞ்சு இரண்டு நாளில் பட்டினி கிடந்து செத்துவிட்டது. இந்தத் தடவை பவுல்சாமி தயாராக இருந்தார். அடையாறு கடலில் சேருகிற இடத்தில் முழங்கால் சேற்றில் நின்று, மெல்லிய துணியால் தண்ணீரை வடிகட்டி, அதில் இருந்த கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளைக் குஞ்சுகளுக்கு இரையாகக் கொண்டுவந்திருந்தார். சக்கரப்பூச்சி என்று அவர் நோட்டில் எழுதி வைத்திருந்தார். அதற்குத் தீனி பச்சைத் தண்ணீர். கடல் தண்ணீரில் ஒரு சிட்டிகை யூரியா போட்டு வெயிலில் வைத்தால் பாசி பிடித்துப் பச்சையாகும். கொல்லையில் பச்சைத் தண்ணீர் நிரம்பிய ஊறுகாய் ஜாடிகள் வரிசை கட்டி நின்றன. மர்சலினுக்குத் துணி காயப்போட இடமில்லை.

எட்டாம் நாள் முட்டைக்குள் வெள்ளிக் கண்கள் தெரிந்தன. அன்றைக்குப் பொழுது சாய்ந்து விளக்கை அணைத்ததும் பொரிந்தன. பவுல்சாமி டார்ச்சைத் தொட்டியின் ஒரு மூலையில் பிடித்தார். வெளிச்சத்துக்குக் கூட்டமாக வந்த குஞ்சுகளைக் கிண்ணத்தால் மொண்டு, கறுப்புத் தாள் ஒட்டிய சின்னத் தொட்டியில் விட்டார். தாய் தகப்பன் பக்கத்தில் விட்டால் தின்றுவிடும். ஒரு கையில் டார்ச், ஒரு கையில் கிண்ணம் என்று அவர் தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் நிற்பாள்? போய் டார்ச்சை வாங்கிப் பிடித்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

முந்நூறுக்குக் குறையாது. மறுநாள் பாதி போயிற்று. அப்புறம் தினமும் பத்து, இருபது. காலையில் அடியில் கிடப்பதை ரப்பர் குழாயால் உறிஞ்சி எடுப்பார். மர்சலின் பக்கத்தில் நின்று உயிரோடு இருப்பதை எண்ணுவாள். அவளுக்கே வெட்கமாக இருந்தது. இத்தனை நாள் அந்தத் தொட்டியைச் சபித்தவள்தானே. ஆனால் கண்ணும் வயிறும் மட்டுமே உள்ள அந்தத் துரும்புகள் வாலை ஆட்டி ஆட்டித் தீனிக்குப் பாய்வதைப் பார்த்தால் மனசு என்னவோ செய்தது. அதைவிட, அவர் முகம். எண்ணிக்கையைச் சொன்னால் திரும்பிப் பார்த்தார். "அம்பத்தியாறு" என்றால் புருவம் ஏறிற்று. இதுகள் பிழைத்தால் இந்த மனுஷனும் பிழைத்துக்கொள்வார் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. தோன்றின பிறகு அதைத் தவிர வேறு எதுவும் அவள் ஜெபத்தில் இல்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கரண்ட் போயிற்று. குஞ்சுத் தொட்டிக்குள் காற்றை விடுகிற ஏர் பம்ப் நின்றது. பவுல்சாமி ஒரு டம்ளரை எடுத்துத் தொட்டித் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினார். மறுபடி மொண்டார், ஊற்றினார். கரண்ட் வருகிற வரைக்கும், அரை மணி நேரம், கை ஓயவில்லை. கை சும்மா இருக்கமாட்டாமல் என்னவோ செய்கிறார் என்று மர்சலின் நினைத்தாள். அரை மணி நேரம் பம்ப் இல்லாமலும் ஒரு குஞ்சுகூடச் சாகவில்லை என்பதைத்தான் அவள் மனசில் குறித்துக்கொண்டாள்.

பெரிய வியாழன் சாயங்காலம் அடுக்களையில் நாளைக்கான கஞ்சியை இறக்கிக்கொண்டிருந்தாள். ஹாலிலிருந்து, "மர்சலின், இங்க வாயேன்" என்று குரல் வந்தது.

கரண்டி கையிலிருந்து விழுந்துவிட்டது. ஓடினாள். பவுல்சாமி தொட்டிக்கு மேல் குனிந்திருந்தார். "அதோ பாரு. தலைக்குப் பின்னால. வெள்ளை தெரியுதா?"

ஒரு குஞ்சின் கழுத்தில், நூல் சுற்றின மாதிரி, மங்கலாக ஒரு வெள்ளைப் பட்டை. அவளுக்குக் கண்ணீரில் அது சரியாகத் தெரியக்கூட இல்லை. "தெரியுதுங்க, தெரியுதுங்க" என்றாள்.

"பட்டை விழுந்துட்டா பொழைச்சுக்கும். இன்னும் நாலு நாள் தாண்டணும். எத்தனை இருக்கு?"

"நாப்பத்தொண்ணு."

"நாப்பத்தொண்ணு" என்று அவரும் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அன்றைக்கு இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாப்பிட்டபடியே, "நாளைக்குக் கோயிலுக்குப் போவலாம்னு பாக்குறேன்" என்றார். பிள்ளையை அடக்கம் பண்ணின நாளுக்குப் பிறகு கோயில் வாசல் மிதிக்காத மனுஷன்! மர்சலினுக்குக் கூடவே போக வேண்டும் போலிருந்தது. ஆனால் யாராவது ஒருத்தர் குஞ்சுகளோடு இருந்தாக வேண்டும். "நீங்க போங்க. நான் இருக்கேன்" என்றாள். பிறந்ததிலிருந்து ஒரு பெரிய வெள்ளிக்கும் கோயிலைத் தவறவிடாதவள் சொன்ன வார்த்தை அது.

மறுநாள் காலையில் பக்கத்துப் போர்ஷன் தங்கபுஷ்பம் டீச்சர் கறுப்புச் சேலையில் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"உங்க வீட்டு மிஷின் சத்தம் எங்க ஜெபமேடை வரைக்கும் கேக்குது மர்சலின். இன்னைக்கு ஒரு நாளாவது நிறுத்தக்கூடாதா?"

"மீன்குஞ்சுக்கு டீச்சர். நிறுத்துனா அதுங்களுக்கு ஆவாது."

"நான் என்னத்தச் சொல்றது? நாளை மீறினா என்ன ஆவும்னு உனக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டு டீச்சர் போய்விட்டாள். பொல்லாத பொம்பளை என்று சொல்லவும் முடியாது. அவள் சொன்னது மர்சலின் ஒரு வருஷமாகத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்ததுதானே!

பன்னிரண்டு மணிக்கு மரக்கட்டைச் சத்தம் கேட்டது. பவுல்சாமி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். "மூணு மணி நேரத் தியானம், அப்புறம் சிலுவையை முத்தி பண்றது. நாலரைக்கு வந்துருவேன். ரெண்டு மணிக்கு ஒரு டம்ளர் பச்சைத் தண்ணி ஊத்து. பாத்துக்கோ" என்றார். ஒரு மூச்சில் இவ்வளவு! அவர் தெரு முனை திரும்புகிற வரைக்கும் மர்சலின் பார்த்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே வந்து ஜெபமேடைக்கு முன்னால் முழங்காலிட்டாள். தெரு செத்துக் கிடந்தது. குழந்தை அழுகிற சத்தம்கூட இல்லை. அந்த அமைதியில் ஏர் பம்ப் மட்டும் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. முந்தின நாள்வரை அது ஒரு சத்தமாகவே அவளுக்குப் படவில்லை. இப்போது ஜெபத்தின் ஒவ்வொரு வார்த்தைக்கு நடுவிலும் அது புகுந்தது. போன வருஷம் இதே நேரம்தான். இதே பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்தான் பிலிப் கடலில் இருந்தான். ஆண்டவர் சிலுவையில் தொங்குகிற மூன்று மணி நேரத்தில் இந்த வீடு ஒரு தடவை அடங்காமல் நடந்துகொண்டது. ஒரு பிள்ளை போயிற்று. மறுபடியும் அடங்காமல் இருந்தால்? நேற்றுத்தானே அவர் பேசினார். நேற்றுத்தானே பட்டை விழுந்தது. கொடுத்ததைத் திரும்ப வாங்க ஆண்டவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

ஐயோ, அவள் குஞ்சுகளைக் கொல்ல நினைக்கவில்லை. காப்பாற்றத்தான் நினைத்தாள். அரை மணி நேரம் பம்ப் இல்லாமல் இருந்தவை மூன்று மணி நேரம் இருக்காதா? இந்த மூன்று மணி நேரத்தை உமக்குக் கொடுத்துவிடுகிறேன், நீர் எனக்கு இந்த நாற்பத்தொன்றையும் அவரையும் கொடுத்துவிடும். இப்படி ஒரு பேரம். எழுந்து போய் ஸ்விட்சை அணைத்தாள்.

வீடு அடங்கிற்று. அவள் மனசும் அடங்கிற்று. ஒரு வருஷத்தில் அவ்வளவு நிம்மதியாக அவள் ஜெபம் சொன்னதில்லை.

ஒரு மணிக்குப் போய்ப் பார்த்தாள். எல்லாம் நீந்திக்கொண்டுதான் இருந்தன. கொஞ்சம் மேலே வந்திருந்தன, அவ்வளவுதான். இரண்டு மணிக்குப் போனபோது அத்தனையும் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயை வைத்துக்கொண்டு நின்றன. பசி போலிருக்கிறது, பாவம், என்று ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரை ஊற்றினாள். ஏப்ரல் புழுக்கத்தில், கறுப்புத் தாளுக்குள், வெளிச்சம் இல்லாத அந்தத் தண்ணீரில் பாசியும் பூச்சியும் குஞ்சும் மூச்சுக்கு அடித்துக்கொண்டிருந்தன. அதில் இவள் இன்னும் ஒரு டம்ளர் உயிரைக் கொண்டுபோய்க் கொட்டினாள். யார் சொல்லிக்கொடுத்தார்கள் அவளுக்கு? டம்ளரால் மொண்டு ஊற்றித் தண்ணீரில் காற்றை ஏற்றினவர் எதற்காக ஊற்றுகிறேன் என்று வாயைத் திறந்து சொன்னாரா?

மூன்று மணிக்கு ஆண்டவர் உயிர் விட்ட ஜெபத்தைச் சொல்லித் தரையை முத்தமிட்டாள். எழுந்து போய் ஸ்விட்சைப் போட்டாள். குமிழி கிளம்பியது. குமிழியோடு சேர்ந்து அடியிலிருந்து சாம்பல் தூள் போல என்னவோ மேலே வந்து சுழன்றது. அவள் டார்ச்சை எடுத்து அடித்தாள். வெளிச்சத்துக்கு ஒன்றும் ஓடி வரவில்லை.

டம்ளரை எடுத்து மொண்டு மொண்டு ஊற்றினாள். அவர் ஊற்றின மாதிரியே, அதே உயரத்திலிருந்து. கை வலித்தபோது கையை மாற்றிக்கொண்டாள். பிறகு கிண்ணத்தில் ஒவ்வொன்றாக எடுத்து எண்ணினாள். நாற்பத்தொன்றும் இருந்தது. பட்டை விழுந்தது தனியாக அடையாளம் தெரிந்தது.

நாலரைக்குப் பவுல்சாமி வந்தார். நெற்றியெல்லாம் வியர்வை, முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. வாசலிலேயே, "ஊத்தினியா?" என்று கேட்டார். மர்சலின் கிண்ணத்தோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். அவர் கிண்ணத்தைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். "கரண்ட் போச்சா?"

அப்படியே ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். யார் வந்து விசாரிக்கப்போகிறார்கள்? அவளுக்குப் பொய் வரவில்லை.

"நான்தாங்க நிறுத்துனேன். பன்னெண்டுலேருந்து மூணு வரைக்கும். ஆண்டவர் தொங்குற நேரத்துல மிஷின் ஓடக்கூடாதுன்னு. போன வருஷம் அவன் நாளை மீறினான், அதான் போனான். இந்த வருஷமும் மீறினா உங்களையும் எடுத்துக்குவாரோன்னு பயந்துட்டேன். அடிங்க என்னை. எதுவேணா செய்யுங்க. பேசாம மட்டும் போயிடாதீங்க."

பவுல்சாமி சுவரில் சாய்ந்து மெல்லக் கீழே உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை சுவரில் உரசிச் சுண்ணாம்பு ஒட்டியது.

"அவன் மீறல" என்றார்.

"என்ன?"

"அவன் மீறல மர்சலின். குளிக்கப் போவல. நான்தான் அனுப்புனேன். நீ கோயிலுக்குப் போனப்புறம் தொட்டி கலங்கிப்போச்சு. மீன் ரெண்டும் மேல வந்து வாயைப் பொளந்துச்சு. புதுத் தண்ணி வேணும்னு தோணுச்சு. கட்டுமரம் ஒண்ணும் எறங்கல, யாகப்பன் வரமாட்டேன்னுட்டான். நீதான் நல்லா நீஞ்சுவியே, அலை தாண்டி ஒரு கேன் பிடிச்சுக்கிட்டு வாடான்னேன். வேணாம்பா, இன்னைக்கு அம்மா திட்டும்னான். அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன் போடான்னேன்."

மர்சலின் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப நேரமாச்சேன்னு தேடிப் போனா, கேன் மட்டும் கரைக்கு வந்துச்சு. யாரும் பாக்குறதுக்கு முன்னாடி எடுத்து ஒளிச்சுட்டேன். அப்புறம் வீட்டுக்கு வந்து பாத்தா, மீன் ரெண்டும் அது பாட்டுக்கு நல்லா நீந்துது. கலக்கல் தானாத் தெளிஞ்சிருந்துச்சு. தண்ணியே தேவைப்படல." இதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் உடைந்தது. "அதுங்க நாலு குஞ்சாவது விட்டு வளந்துச்சுன்னா, அவன் சும்மா சாவலைன்னு நெனச்சுக்கலாம்னு இருந்தேன்."

அவளுக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. பன்னிரண்டு பூசை. பன்னிரண்டு தடவை பீடத்திலிருந்து வாசித்தார்கள், கீழ்ப்படியாமல் செத்த பிலிப் என்று. அப்பன் பேச்சுக்குக் கீழ்ப்படிந்து போன பிள்ளையை! போட்டோவைப் பார்த்து எத்தனை ஏச்சு ஏசினாள்!

"நான் அவனைத் திட்டுனப்ப எல்லாம் நீங்க இங்கதானே உக்காந்திருந்தீங்க?"

"ஆமா."

"எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு?"

"கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். சொல்லணும்னுதான் தெனமும் நெனப்பேன். வாயைத் தொறந்தா இதுதான் முதல்ல வரும். அதனால தொறக்கவே இல்லை."

வெளியே கோயில் பக்கமிருந்து சனங்கள் ஒப்பாரியாகப் பாடுவது கேட்டது. மரித்த ஆண்டவரைப் பாடையில் தூக்கிச் சுற்றிவரப் புறப்பட்டுவிட்டார்கள். தங்கபுஷ்பம் டீச்சர் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "வரலையா மர்சலின்?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பவுல்சாமிக்கு இப்போது நிறுத்த முடியவில்லை. அன்றைக்குப் பிலிப் போட்டிருந்த நீலக் கோடு சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுப் போனதைச் சொன்னார். வாசல் வரை போய்த் திரும்பி, ரெண்டு கேனா, ஒரு கேன் போதுமாப்பா என்று கேட்டதைச் சொன்னார். காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று சொன்னார். தெருமுனையில் அவன் ஓடினதைச் சொன்னார்.

"போதும்" என்றாள் மர்சலின்.

அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். "போதுங்க. உங்களக் கும்புடுறேன். பேசாதீங்க" என்றாள். அப்போதும் அவர் நிறுத்தவில்லை.